அவ வாரம், என் வாரம்

முதல்லயே சொல்லிடறேன். சரித்திரக் காதல் கதைன்னு அட்டையில போட்டு விக்கறதுல முக்காவாசி குப்பை. வாய்க்கு வந்ததச் சொல்லல, படிச்சிட்டுத்தான் சொல்றேன். இளவரசியோட இடுப்பை மூணு பக்கம் வர்ணிப்பான். அப்புறம் நிலா. அப்புறம் ஒரு சுரங்கப்பாதை. உள்ள போனவன் வெளிய வரும்போது வியாபாரி வேஷத்துல வருவான். போர்னு ஒண்ணு வந்தா "இரு படைகளும் மோதின"ன்னு ஒரே வரியில முடிச்சிட்டு மறுபடியும் இடுப்புக்கே வந்துடுவான். இதுக்கு எதுக்குய்யா சரித்திரம்?

எனக்கு வேண்டியது ஒரே வகைதான். உள்நாட்டுச் சண்டைக் கதை. அண்ணனும் தம்பியும் ஒரு சிம்மாசனத்துக்கு அடிச்சிக்கணும். அந்தப் பக்கம் ஒருத்தன், இந்தப் பக்கம் ஒருத்தி, அவங்களுக்குள்ள காதல். வெளியூர்க்காரன் படையெடுத்து வர்ற கதை எனக்கு வேணாம். அவனுக்கு நம்மளப் பத்தி இன்னா தெரியும்? சொந்தக்காரன் சண்டைக்கு வந்தா, உங்க வீட்டு உப்பு ஜாடி எந்த அலமாரியில இருக்குன்னு அவனுக்குத் தெரியும். எங்க அடிச்சா உங்களுக்கு வலிக்கும்னும் தெரியும். அதை எழுதத் தெரிஞ்சவன் எழுதினாத்தான் கதை. அப்படி ஒரே ஒரு கதை என் ஆயுசுல படிச்சேன். அதையும் பாதிதான் படிச்சேன். மீதிப் பாதி எதுத்த வீட்டுக்காரிகிட்ட மாட்டிக்கிச்சு.

எண்பதுகள்ல ஆவடியில பாக்டரி குவார்ட்டர்ஸ்ல இருந்தோம். மாடியில எங்க கதவும் அவ கதவும் நேருக்கு நேர். என் வீட்டுக்காரரும் அவ வீட்டுக்காரரும் பாக்டரிக்குள்ள ஒரே ஷாப்புல வேலை. அவ திருநெல்வேலிப் பக்கம். நான் இங்க பக்கத்துல நூம்பல்காரி. எங்கப்பா அடுத்தவங்க கழனியில கூலிக்கு நாத்து நட்டவரு. எங்க குடும்பத்துல எழுத்துக் கூட்டிப் படிக்காம கடகடன்னு படிச்ச மொத ஆளு நான்தான். அந்தத் திமிரு எனக்கு உண்டு, இல்லேங்கல. அவ என்னைவிட ரெண்டு வயசு பெரியவ. அக்கான்னுதான் கூப்பிடுவேன்.

எங்க பிளாக்குல மத்தவங்க எல்லாம் சினிமா செய்தி வர்ற பத்திரிகைதான் வாங்குவாங்க. நாங்க ரெண்டு பேரு மட்டும் வேற ஒண்ணு வாங்கினோம், அந்தத் தொடர்கதைக்காகவே. அதுக்கு ஒரு ஏற்பாடு இருந்துச்சு. ஒரு வாரம் அவ வாங்கணும், அடுத்த வாரம் நான். பேப்பர்காரரும் அப்படியே செவ்வாக்கிழமை ஒரு வாரம் அந்தக் கதவுலயும் ஒரு வாரம் இந்தக் கதவுலயும் செருகிட்டுப் போவாரு. வாங்கினவ மொதல்ல படிப்பா. புதன்கிழமை மத்தியானம், ஆம்பளைங்க இல்லாத நேரத்துல, அடுத்தவ கைக்கு மாறும். படிச்சு முடிச்சதும் வாங்கினவகிட்டயே திரும்பிடணும். தொடர்கதைப் பக்கத்தைக் கிழிச்சு வெச்சிக்கறது வாங்கினவ உரிமை. கதை முடிஞ்சதும் ரெண்டையும் சேத்து ஒரே புத்தகமா பைண்டிங் பண்ணிக்கலாம்னு பேசி வெச்சிருந்தோம்.

கதை இதுதான். பாண்டிய நாட்டுல அப்பன் செத்ததும் அண்ணன் தம்பி சண்டை. கோட்டைக்குள்ள அண்ணன், வெளிய முற்றுகை போட்டுக்கிட்டு தம்பி. கோட்டைக் கதவைக் காக்கறவரோட பொண்ணு ஒருத்தி. அவ காதலிச்சவன் வெளிய தம்பி படையில இருக்கான். கதவுத் தாழ்ப்பாள் அவ கைக்கு எட்டற தூரத்துல இருக்கு. திறந்தா அப்பன் சாவான். திறக்காட்டி அவன் சாவான். எழுதினவர் இடுப்பைப் பத்தி ஒரு வரி எழுதல. முற்றுகையில புளி தீந்து போனதை ஒரு அத்தியாயம் முழுக்க எழுதினாரு. நானும் அவளும் மாடிப்படியில உக்காந்து, திறப்பாளா மாட்டாளான்னு அடிச்சிக்குவோம். நான் திறப்பான்னுவேன். "திறக்கமாட்டா, அவ பெத்தவனைக் கொல்லுத சாதி இல்ல"ன்னு அவ சொல்லுவா.

கதை பாதி போயிக்கிட்டு இருக்கும்போது பாக்டரியில யூனியன் தேர்தல் வந்துச்சு. ரெண்டு கொடி. என் வீட்டுக்காரரு ஒரு கொடி, அவ வீட்டுக்காரரு இன்னொரு கொடி. ஆம்பளைங்க சண்டை, நமக்கென்னன்னுதான் மொதல்ல இருந்தோம். எங்க கொடி தோத்துச்சு. ஜெயிச்சவங்க சரவெடி எடுத்துகினு வந்து, எங்க கதவு முன்னாடியே கொளுத்தினாங்க. காகிதக் குப்பை எங்க வாசப்படி பூரா.

மறுநாள் குழாயடியில கேட்டேன். கோடையில மாடிக்குத் தண்ணி ஏறாது, எல்லாரும் கீழ வந்துதான் பிடிக்கணும். பத்துப் பதினஞ்சு பொம்பளைங்க நின்னாங்க. "இன்னாக்கா, என் வாசல்தான் கெடச்சுதா வெடிக்க?"ன்னு கேட்டேன். நல்ல மாதிரியாத்தான் கேட்டேன். அவ நல்ல மாதிரியா பதில் சொல்லல. வார்த்தை தடிச்சுது. "உங்க ஊர்ல சோத்துக்கு வழியில்லாமதானே இங்க வந்து ஒண்டிகினு கீறே?"ன்னு நான் சொன்னேன். அதுக்கு அவ குடத்தை இடுப்புல வெச்சிக்கிட்டு, நிதானமா, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னா. "வயக்காட்டுல கூலிக்கு நாத்து நட்டவன் மவளுக்கு ராசா கதை கேக்குதாக்கும்."

எங்கப்பா யாருன்னு அந்த பிளாக்குல அவகிட்ட மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

அன்னையோட பேச்சு போச்சு. ஆனா இதைக் கேளுங்க, பத்திரிகை மட்டும் முறை மாறல. பேப்பர்காரர் பாட்டுக்கு அவ வாரம் அவ கதவுல, என் வாரம் என் கதவுல செருகிட்டுப் போனாரு. "அண்ணாத்தே, இனிமே எல்லா வாரமும் எனக்குப் போடு"ன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. சொல்லல. சொன்னா அந்த ஆளு நேரா எதுத்த கதவுல போய், "அந்த அம்மாவே தனியா வாங்கறாங்களாம்"னு சொல்லுவாரு. அவ வாரத்தை நான் காசு குடுத்து வாங்கினா நான் தோத்த மாதிரி ஆச்சே. அவளும் அதேதான் நெனைச்சிருக்கணும், அவளும் வாங்கல. ரெண்டு கழுதைங்களும் ஆளுக்குப் பாதிக் கதை படிச்சோம். புதன்கிழமை மத்தியானம் அவ கதவு திறக்கற சத்தம் கேட்டா எனக்குக் காது அங்கயே போகும். திறந்து குப்பையைக் கொட்டிட்டு மூடிடுவா.

கதை முடிஞ்ச வாரம் என் வாரம். கடைசி அத்தியாயத்துல அந்தப் பொண்ணு உசுரோட இருக்கா. சண்டை ஓஞ்சு போச்சு. அவ தோள்ல ஒரு பெரிய தழும்பு. கோட்டை வாசல்ல உக்காந்து ரெண்டு பக்கத்து ஆளுங்களுக்கும் கஞ்சி ஊத்தறா. அவன் வரிசையில வந்து கையை ஏந்தறான். அவ்வளவுதான். தழும்பு எப்படி வந்துச்சு, கதவைத் திறந்தாளா இல்லையா, எதுவும் எனக்குத் தெரியல. அதெல்லாம் அவ வாரத்துல போயிடுச்சு.

என் வாரங்களை மட்டும் எடுத்துகினு மார்க்கெட்ல பைண்டிங் பண்றவர்கிட்ட போனேன். அவர் புரட்டிப் பாத்துட்டு, "ஒண்ணு விட்டு ஒண்ணு கீதேம்மா, மீதி எங்க?"ன்னாரு. "மீதி எனக்கு வேணாம், நெருக்கித் தைய்யா"ன்னேன். நெருக்கித்தான் தைச்சுக் குடுத்தாரு.

அதுக்கு ஒரு மாசம் கழிச்சு குழாயடியில நானும் அவளும் மட்டும் நின்னோம். குடம் நிறையற சத்தம்தான். அவ என்னைப் பாக்காம, குழாயைப் பாத்துக்கிட்டே கேட்டா. "அம்பு பட்டு மதில்லேர்ந்து விழுந்தாளே. பொழைச்சாளா?"

அம்புன்னு எனக்கு அப்பதான் தெரியும். தழும்பு எப்படின்னு புரிஞ்சுது. அவ குரல் எப்படி இருந்துச்சுன்னு இன்னைக்கும் சொல்லுவேன். சொந்த அக்கா தங்கச்சிக்கு பிரசவம் ஆச்சான்னு ஆஸ்பத்திரி வாசல்ல கேக்கற குரல். எனக்கு ஞாபகம் வந்தது நாத்து நட்டவன் மவங்கற வார்த்தைதான். குடத்தைத் தூக்கிக்கிட்டே சொன்னேன்.

"செத்துட்டா."

குடம் வழிஞ்சு அவ கால்ல ஊத்திக்கிட்டு இருந்துச்சு. எனக்கு ஜில்லுன்னு இருந்துச்சு. நல்லா வேணும்னு மாடி ஏறினேன். ஏறி முடிக்கறதுக்குள்ள சந்தோஷம் போயிடுச்சு, அது வேற விஷயம். இறங்கிப்போய் சொல்லியிருக்கலாம். சொல்லல.

அப்புறம்தான் நான் தேட ஆரம்பிச்சது. அது மாதிரி இன்னொரு கதை கெடைச்சிட்டா இதை மறந்துடலாம்னு ஒரு எண்ணம். பூந்தமல்லி நூலகத்துல தேடினேன். பழைய பேப்பர் கடையில கட்டைப் பிரிச்சு அந்தப் பத்திரிகையைத் தேடினேன். ஒரே ஒரு வாரம் கெடைச்சுது. அதுவும் என் வாரம். தலையில அடிச்சிக்கிட்டேன். அம்பத்தூர்ல ஒரு வாடகை நூலகம் இருந்துச்சு, ரயில்ல போய் எடுத்துட்டு வருவேன். அந்தக் கதை புத்தகமா வந்திருக்கான்னு நடத்தினவர்கிட்ட கேட்டேன். "வரலம்மா. எழுதினவரும் அப்புறம் எழுதறதையே விட்டுட்டாரு. இதைப் படிங்க, இதுலயும் வாள் சண்டை இருக்கு"ன்னு ஒண்ணை நீட்டினாரு. வாள் இருந்தா ஆச்சா? கசாப்புக் கடையிலயுந்தான் கத்தி இருக்கு.

அந்த நூலகத்துல ஒவ்வொரு புத்தகத்தோட கடைசிப் பக்கத்துலயும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். எடுத்தவங்க உறுப்பினர் நம்பரைக் குறிப்பாங்க. நான் 112. அவ 113. நல்லா இருந்த காலத்துல ஒரே நாள்ல போய்ச் சேந்தது. நான் எடுக்கற புத்தகம் முக்காவாசியில எனக்கு முன்னாடி 113 இருந்துச்சு. அவளும் தேடறா. அது மட்டும் இல்ல, சீட்டுக்குக் கீழ பென்சில்ல எழுதி வேற வெச்சிருந்தா. அவ எழுத்து எனக்குத் தெரியாதா? முத்து முத்தா, கொஞ்சம் இடது பக்கம் சாஞ்சு.

மொதல்ல நான் பாத்தது இது. "சண்டை முப்பதாம் பக்கத்துலயே முடிஞ்சுபோச்சு. மீதியெல்லாம் பூங்கா."

சரியாத்தான் சொல்லியிருந்தா. அதுதான் எனக்கு ஆத்திரம். கீழ எழுதினேன். "முப்பது வரைக்கும் படிச்ச உன் பொறுமைக்கு ஒரு கும்பிடு."

அடுத்த புத்தகத்துல, "இதுல தம்பி நல்லவன், அண்ணன் கெட்டவன். அவ்வளவு லேசுன்னா சண்டை எதுக்கு?"ன்னு எழுதியிருந்தா. நான், "குழாயடிக்கு வந்து பாக்கச் சொல்லு எழுதினவனை"ன்னு எழுதினேன். இப்படியே ஒரு வருஷமா ரெண்டு வருஷமா, ஞாபகம் இல்ல. நேர்ல பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்குவோம். புத்தகத்துக் கடைசிப் பக்கத்துல கிழிச்சிக்குவோம். அவ "குப்பை"ன்னு எழுதினதை நான் எடுக்கமாட்டேன், காசு மிச்சம். நான் ஒரு கோடு போட்டதை அவ எடுக்கமாட்டா. ஒருநாள் நூலகக்காரர் கண்டுபிடிச்சிட்டாரு. ஒரு ரப்பரை என் முன்னாடி வெச்சு, "உக்காந்து அழிங்கம்மா"ன்னாரு. "என்னுதை அழிக்கறேன். அவ எழுதினதை நான் எதுக்கு அழிக்கணும்?"னு கேட்டேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போயிட்டாரு.

ஒரே ஒரு புத்தகத்துல மட்டும் அவ "பரவால்ல"ன்னு எழுதியிருந்தா. அடிச்சுப் பிடிச்சு எடுத்தேன். ரெண்டு பாளையக்காரனுங்க, மாமன் மச்சான் முறை. ஒருத்தன் வீட்ல பொண்ணு எடுத்து இன்னொருத்தன் வீட்ல குடுத்திருக்காங்க, அந்த நேரத்துல சண்டை. அந்தப் பொண்ணுக்கு பொறந்த வீட்டு ஆள் செத்தாலும் அழக்கூடாது, புகுந்த வீட்டு ஆள் செத்தாலும் சிரிக்கக்கூடாது. நல்லாத்தான் இருந்துச்சு. கடைசியில பட்டாபிஷேகம் வெச்சு கெடுத்துட்டான். கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். "பரவால்ல"க்குக் கீழ இன்னொரு வரி இருந்துச்சு. "அதுக்கு ஈடில்ல."

எதுக்குன்னு எழுதல. எனக்கு எழுத வேண்டியதும் இல்ல. பென்சிலை எடுத்தேன், வெச்சிட்டேன். அந்தப் பக்கத்துல மட்டும் நான் எதுவும் எழுதல.

தொண்ணூறுகள் நடுவுல அவ வீட்டுக்காரர் வேலையை விட்டு வந்தாரு. எங்கயோ மனை வாங்கி வீடு கட்டறாங்கன்னு பேச்சு. எங்கன்னு விசாரிச்சா, நூம்பல்ல. எனக்கு ரத்தம் கொதிச்சுது. எங்கப்பா குனிஞ்சு நிமிர்ந்த கழனியை மனை போட்டு வித்தாங்களே, அங்கயே. நாத்து நட்டவன் மவன்னு என்னைச் சொன்னவளுக்கு அந்தச் சேத்துமேலதான் வீடு. லாரியில சாமான் ஏத்தும்போது நான் ஜன்னலைச் சாத்திட்டேன்.

லாரி போன மறுநாள் பழைய பேப்பர்காரன் வண்டி கீழ நின்னுச்சு. அவ வீட்டு ஆம்பளைங்க வேண்டாததை எல்லாம் எடைக்குப் போட்டிருக்காங்க. மேலேர்ந்து பாத்தேன். கட்டுமேல பச்சைக் காலிக்கோ துணி ஒட்டின ஒரு பைண்டு. மார்க்கெட் பைண்டிங்காரர் கை, எனக்குத் தெரியும், என்னுதும் அதே பச்சை. எங்க வீட்டு பேப்பர் கட்டைத் தூக்கிட்டு ஓடினேன். கட்டை அவன் வண்டியில போட்டுட்டு அந்தப் புத்தகத்தை உருவினேன். "அது ஒண்ணும் முழுசா இல்லம்மா, பாதிக்குப் பாதி வெள்ளைத்தாள்"ன்னான் அவன்.

ஆமாம். வெள்ளைத்தாள். அவ வாரம் ஒண்ணு, அதுக்கப்புறம் என் வாரத்துக்குத் தேவையான அளவு வெறுந்தாள், மறுபடியும் அவ வாரம். எண்ணி எண்ணி வெச்சுத் தைக்கச் சொல்லியிருக்கா. ஒவ்வொரு வெறுந்தாள் தலையிலயும் பென்சில்ல என் வார நம்பர். மீதி எனக்கு வேணாம், நெருக்கித் தைன்னு சொன்னவ நான். அவ இடம் விட்டு வெச்சிருந்திருக்கா.

கூடத்துல உக்காந்து ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, ஒரு வாரம் அவளுது, ஒரு வாரம் என்னுதுன்னு மொத்தத்தையும் படிச்சேன். உலை கொதிச்சு அடங்கிப்போச்சு, நான் எழுந்திருக்கல. அந்தப் பொண்ணு கதவைத் திறக்கல. அவ சொன்னதுதான் சரி. மதில்மேல ஏறி நின்னு ரெண்டு பக்கத்தையும் பாத்து நிறுத்துங்கடான்னு கத்தறா. அப்பதான் அம்பு. எந்தப் பக்கத்திலேர்ந்து வந்துச்சுன்னு எழுதினவர் சொல்லல. அங்க அவ வாரம் முடியுது.

அடுத்தது கடைசி வெறுந்தாள். அதுல மட்டும் நம்பருக்குக் கீழ எழுதியிருந்தா. இடது பக்கம் சாஞ்ச எழுத்து.

"செத்துட்டாளாம். பாவம் புள்ள."

பாவி, நம்பியிருக்கா. நான் வெயில் அடிக்குதுன்னு சொன்னாக்கூட வெளிய எட்டிப் பாக்கறவ, இதை மட்டும் நம்பியிருக்கா. எனக்கு அழுகையும் வந்துச்சு, கோவமும் வந்துச்சு. எதை நம்பணும்னு ஒரு விவஸ்தை வேணாமா?

அந்த வாரம் சனிக்கிழமை ரெண்டு புத்தகத்தையும் பையில போட்டுக்கிட்டு பூந்தமல்லி போய், அங்கேர்ந்து பஸ் மாறி வேலப்பன்சாவடியில இறங்கி நடந்தேன். புது வீடு, சுண்ணாம்பு வாசனை. கதவைத் தட்டினேன். அவதான் திறந்தா. முன்பக்கம் முடி நரைச்சிருந்துச்சு.

"என்ன?"ன்னா.

"அவ சாவலக்கா"ன்னேன். அக்கான்னு வாய்ல தானா வந்துடுச்சு. "அம்பு தோள்ல பட்டுச்சு. பொழைச்சிட்டா. நான் பொய் சொன்னேன்."

அவ கதவு நிலையைப் பிடிச்சிக்கிட்டா. முகம் செவந்துச்சு. "இத்தனை வருசமா அவளைக் கொன்னு போட்டு வச்சிருந்தியே. நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

"நீ சொன்னது மட்டும் இன்னாவாம்? நாத்து நட்டவன் மவன்னு பத்து பேரு நடுவுல சொன்னியே. இப்ப எங்க ஊடு கட்டிகினு கீறே, பாத்தியா? இது எங்கப்பன் நட்ட கழனி."

அவ கீழ பாத்தா. வாசப்படியைப் பாத்தா. மன்னிப்புன்னு ஒரு வார்த்தை அவ வாய்ல வராது, எனக்குத் தெரியும். என் வாய்லயும் வரல. பையைப் பிடுங்கி உள்ள பாத்தா. ரெண்டு பச்சைப் புத்தகத்தையும் வெளிய எடுத்தா.

"ஒண்ணு என்னுது"ன்னு கையை நீட்டினேன்.

"நீ முழுசாப் படிச்சிட்டேல்லா? நான் படிக்கல." ரெண்டையும் நெஞ்சோட அணைச்சுக்கிட்டா. "இப்ப என் முறை. புதன்கிழமை மத்தியானம் வந்து வாங்கிக்க."

என் மூஞ்சியிலயே கதவைச் சாத்திட்டா. தாழ்ப்பாள் போடற சத்தம் கேட்டுச்சு. அந்த வெயில்ல அவ்வளவு தூரம் வந்தவளுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கல, திமிரு புடிச்சவ. திட்டிக்கிட்டே பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.

புதன்கிழமை காலையிலயே சோறு வடிச்சு வெச்சிட்டுக் கிளம்பிட்டேன்.